பெயரைத் தேடி வருபவர், தேவையைத் தேடி வருபவர்

ஒரு சிறு தொழிலின் இணையதளத்துக்குக் கூகுள் வழியாக வருகிறவர்களை இரண்டாகப் பிரித்துவிடலாம். தொழிலின் பெயரையே தட்டிவிட்டு வருகிறவர் ஒருவர். அவருக்கு உங்களை ஏற்கெனவே தெரியும்; போன் நம்பரோ, வேலை நேரமோ, வழியோ வேண்டும், அவ்வளவுதான். இன்னொருவருக்கு உங்கள் பெயர் தெரியாது. தன் பிரச்சினை மட்டும் தெரியும், அதைத்தான் தட்டுகிறார். முதல் வகையினரைப் பெருக்குவது பிராண்டிங். இரண்டாவது வகையினரின் கண்ணில் படுவது புரமோஷன். இரண்டுக்கும் வேலை வேறு, பிடிக்கும் காலம் வேறு, அளக்கிற விதமும் வேறு. இவற்றைக் கலந்துவிடுவதால்தான் செலவு ஏறியும் புது ஆட்கள் வராமல் போகிறது.

இந்தக் கலப்பு பெரும்பாலும் மாத அறிக்கையில் நடக்கிறது. 'உங்கள் தளம் கூகுளில் முதலிடம்' என்று எழுதியிருக்கும். எந்தச் சொல்லுக்கு முதலிடம் என்று கேளுங்கள். உங்கள் தொழிலின் பெயருக்கே என்றால், ஓரளவு தனித்த பெயராக இருந்தால் போதும், யாரும் எதுவும் செய்யாமலே அந்த இடம் கிடைத்திருக்கும்.

இதைச் சரிபார்க்க இலவசமாகவே வழி இருக்கிறது. எந்தச் சொல்லைத் தேடி உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் கூகுள் செர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து, தேடல் சொற்களுக்கான ஃபில்டரில் உங்கள் பெயர் 'உள்ளவை' என்று ஒருமுறையும் 'இல்லாதவை' என்று ஒருமுறையும் போட்டுப் பாருங்கள். பெயரை மக்கள் நாலு விதமாக எழுதுவார்கள் என்றால், பல வடிவங்களை ஒரே சமயம் தேடும் ரெகெக்ஸ் ஃபில்டரில் அத்தனை எழுத்து வடிவங்களையும் '|' என்ற செங்குத்துக் கோட்டால் பிரித்து ஒன்றாகக் கொடுக்கலாம். கடந்த 16 மாதக் கணக்கு வரை கிடைக்கும். இரண்டு எண்களையும் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துவராது. மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் காட்டுவதில்லை. அதனால் கூட்டுத்தொகையை விடுங்கள், ஒவ்வொரு எண்ணும் மாதாமாதம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

முதலில் சாவி யார் கையில்

எந்த விளம்பரத்துக்கும் முன்னால் முடிக்க வேண்டியது இது. தளத்தின் முகவரிப் பெயரான டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? தளத்தைக் கட்டித்தந்தவரின் கணக்கில் அது இருந்தால், அவர் தொழிலை மாற்றிக்கொண்டாலோ உறவு கசந்தாலோ உங்கள் பெயர் அவரிடம் மாட்டிக்கொள்ளும். பதிவுக் கணக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும், இரண்டு கட்டச் சரிபார்ப்பு என்னும் இரட்டைப் பூட்டோடு. செய்துதருகிறவருக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுங்கள்.

டொமைன் காலாவதியாவது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். பதிவு நிறுவனம் காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்புகிறது. டாட்காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் விதியே அப்படி. அந்தக் கடிதம் போகும் முகவரி யாரும் திறக்காத பழைய முகவரியாக இருக்கும். தானாகப் புதுப்பிக்கும் வசதி போட்டிருந்தும் அதில் கொடுத்த கார்டு காலாவதியாகி இருக்கும். இன்னும் மோசமானது, தொடர்பு முகவரியே அதே டொமைனில் இருப்பது. டொமைன் நின்றதும் தளத்தோடு மின்னஞ்சலும் நிற்கும், அதன் பிறகு அனுப்பப்படும் எச்சரிக்கைகள் வந்து சேர வழியில்லை. ஆகவே பதிவுக் கணக்குக்கு வேறொரு மின்னஞ்சல் கொடுங்கள். தவறிப்போனால் மீட்புக் காலம் என்று 30 நாள் உண்டு, ஆனால் அதற்குத் தனிக் கட்டணம். அதையும் தாண்டினால் பெயர் யாருக்கும் போகலாம். வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற நினைப்பவர்கள், புதிதாகப் பதிந்த பெயரை முதல் 60 நாளில் மாற்ற இயலாது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

செர்ச் கன்சோல், தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கிடும் அனலிடிக்ஸ், கூகுள் வரைபடத்தில் உங்கள் தொழிலைக் காட்டும் பிசினஸ் ப்ரொஃபைல், விளம்பரக் கணக்கு எல்லாவற்றுக்கும் இதே விதிதான்: நீங்கள் உரிமையாளர், மற்றவர் மேலாளர். செர்ச் கன்சோலில் உரிமையை நிரூபிக்க, டொமைன் அமைப்பில் ஒரு குறிப்பைச் சேர்க்கும் டிஎன்எஸ் பதிவு முறையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு வரி ஒட்டும் முறை எளிதுதான், ஆனால் தளத்தின் தோற்ற வடிவமைப்பை (தீம்) மாற்றும் அன்று அந்த வரி போய்விடும், உரிமையும் கூடவே போய்விடும்.

தளமே எதற்கு, சமூக ஊடகப் பக்கம் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்வைச் சொல்லலாம். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலோடு இலவசமாக ஒரு குட்டித் தளம் அமைத்துக்கொள்ளும் வசதி முன்பு இருந்தது. 2024 மார்ச்சில் கூகுள் அந்தத் தளங்களை மூடியது. அந்த முகவரிகள் அதே ஆண்டு ஜூன் வரை ப்ரொஃபைலுக்குத் திருப்பிவிடப்பட்டன, பிறகு அதுவும் நின்றது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் தளத்தை அமைத்து அதே முகவரியில் தொடர முடிந்தது. அது இல்லாதவர்கள் அச்சடித்த கார்டிலிருந்து எல்லாவற்றிலும் முகவரியை மாற்ற வேண்டியதாயிற்று.

பெயர்

பொதுச் சொற்களை மட்டும் அடுக்கி வைத்த பெயர், பெயர்த் தேடலில் என்றைக்கும் திணறும். 'சிறந்த', 'விரைவு', 'சர்வீஸ்' என்று மூன்று பொதுச் சொற்களைச் சேர்த்தால், அதைத் தேடுகிறவர் உங்களைத்தான் தேடுகிறார் என்று கூகுளுக்குத் தெரிய வழியில்லை. அதே சேவை தரும் நூறு பேரையும் கூடவே காட்டும். தனித்த ஒரு சொல்லும் தொழிலைச் சொல்லும் ஒரு சொல்லும் சேர்ந்திருப்பது நல்ல அமைப்பு. முடிவெடுக்கும் முன் அந்தப் பெயரை ஒருவரிடம் போனில் சொல்லி, கேட்டதை அப்படியே தட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் வெவ்வேறு விதமாகத் தட்டினால் அந்தப் பெயர் ஆட்களைத் தவறவிடும். இடைக்கோடும் எண்களும் டொமைனில் வேண்டாம் என்பதும் இதனால்தான், வாயால் சொல்லும்போது அவை தொலைந்துபோகின்றன. வணிகச்சின்னப் பதிவேட்டிலும் ஒருமுறை தேடிவிடுங்கள். வேறொருவர் பதிந்த பெயரில் மூன்று வருடம் உழைத்தபின் நோட்டீஸ் வருவது தாங்க முடியாத நஷ்டம்.

பெயர் முடிவானதும் எழுத்துக்கு எழுத்து ஒரே வடிவம் எல்லா இடத்திலும் வர வேண்டும். தளம், பிசினஸ் ப்ரொஃபைல், சமூக ஊடகம், தொழில் பட்டியல்கள், மின்னஞ்சல் கையொப்பம் எல்லாம் இதில் அடக்கம். முகவரியும் போன் நம்பரும் அப்படியே. எங்கெங்கே போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு ஷீட்டில் குறித்து வையுங்கள். நம்பர் மாறும் நாளில் அந்தக் குறிப்பு உங்களைக் காப்பாற்றும். பிசினஸ் ப்ரொஃபைலில் பெயரோடு 'மலிவான பழுதுபார்ப்பு 24 மணிநேரம்' என்று தேடல் சொல்லை (கீவேர்டு) சேர்க்கும் ஆசை நிறையப் பேருக்கு வருகிறது. அது கூகுள் விதிக்கு எதிரானது, ப்ரொஃபைல் முடக்கப்படலாம். மீட்க எடுக்கும் வாரங்களில் வரைபடத்தில் நீங்கள் இல்லை.

லோகோவைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. பிரவுசர் டேபில் 16 பிக்சலில் அடையாளம் தெரிகிறதா, வட்டமாக வெட்டும் ப்ரொஃபைல் படத்தில் ஓரம் அறுபடுகிறதா என்று மட்டும் பாருங்கள். தேடல் முடிவில் பெயருக்கு அருகே வரும் குட்டிச் சின்னம் சதுரமாக, 48 பிக்சலுக்கு மேல் இருக்கட்டும். மூலக் கோப்பை, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி வடிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நிறங்களின் குறியீட்டு எண்களையும் சேர்த்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி அணுகல் வழிகாட்டியின் அளவு. இளம் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் போட்டால் வெயிலில் போனைப் பிடித்துப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

தேவையைத் தேடுகிறவருக்கான பக்கம்

உழைப்பில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். பெரும்பாலான சிறு தளங்களில் முகப்பு, 'எங்களைப் பற்றி', 'சேவைகள்', 'தொடர்புக்கு' என்று நாலு பக்கம் இருக்கும். சேவைகள் பக்கத்தில் பத்து சேவையும் ஒவ்வொரு வரியாகக் கிடக்கும். தேடுகிறவருக்கு வேண்டியதோ அந்தப் பத்தில் ஒன்று. ஒரு சேவைக்கு ஒரு பக்கம் என்று பிரித்தால்தான், குறிப்பிட்ட தேடலுக்குக் குறிப்பிட்ட பதிலாக அந்தப் பக்கம் நிற்கும்.

வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். தளத்தில் 'வீட்டு உபயோகச் சாதனப் பராமரிப்புத் தீர்வுகள்' என்று இருக்கிறது. இப்படி யாரும் தேடுவதில்லை. துணி முழுக்க ஈரமாக, டிரம் நிறையத் தண்ணீரோடு நிற்கும் மெஷினின் முன்னால் நின்றுகொண்டு ஒருவர் தட்டுவது 'வாஷிங் மெஷின் தண்ணீர் வெளியேறவில்லை' என்பதுதான். அதற்கு ஒரு பக்கம் எழுதுங்கள். தலைப்பு அந்தச் சொற்களிலேயே இருக்கட்டும். முதல் பத்தியில் அவர் உடனே செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்: பிளக்கைப் பிடுங்குவது, வடிகுழாய் மடங்கியிருக்கிறதா பார்ப்பது, முன்பக்கக் கதவு மாடலாக இருந்தால் கீழ்மூலையில் இருக்கும் ஃபில்டரை, அடியில் தட்டு வைத்துத் தளர்த்தி, நாணயமோ பட்டனோ அடைத்திருக்கிறதா பார்ப்பது. தண்ணீர் சூடாக இருந்தால் ஆறும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் சரியாகாவிட்டால் பம்ப் பழுதாகியிருக்கலாம் என்று சொல்லி, நீங்கள் வந்தால் என்ன சோதிப்பீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், எந்தெந்தக் கம்பெனி மாடல்களைப் பார்ப்பதில்லை, கட்டணம் எதை வைத்து ஏறும் இறங்கும் என்று எழுதுங்கள்.

இலவசமாகச் சொல்லிக்கொடுத்தால் ஆள் கூப்பிடமாட்டாரே என்ற பயம் இருக்கும். ஃபில்டரை அவரே சுத்தம் செய்து முடித்துக்கொண்டால் நீங்கள் இழப்பது ஒரு சின்ன வேலை. அடுத்த பெரிய பழுதுக்கு அவர் உங்கள் பெயரையே தட்டி வர வாய்ப்பு உண்டு. தேவையைத் தேடி வந்தவரைப் பெயரைத் தேடி வருபவராக மாற்றும் இடம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். லோகோவாலும் கோஷத்தாலும் இந்த மாற்றம் நடப்பதில்லை.

மக்கள் பயன்படுத்தும் சொற்களைக் கண்டுபிடிக்கக் கட்டண மென்பொருள் வேண்டியதில்லை. வந்த வாட்ஸ்அப் செய்திகளையும் போனில் கேட்ட முதல் வாக்கியங்களையும் அப்படியே குறித்து வையுங்கள். தேடல் பெட்டியில் பாதி தட்டினால் கூகுள் மீதியைக் காட்டும். செர்ச் கன்சோலில், பலமுறை காட்டப்பட்டும் கிளிக் வராத சொற்களைப் பாருங்கள். சராசரி இடம் 8 முதல் 20க்குள் இருக்கும் சொற்கள் முக்கியம். அந்தப் பக்கம் பாதி தூரம் வந்துவிட்டது. பதிலைத் தெளிவாக்கினால், முகப்பிலிருந்து ஒரு லிங்க் கொடுத்தால் மேலே ஏறும் வாய்ப்பு அதிகம்.

பக்கத்தின் நிரலில் மறைந்திருக்கும் கீவேர்டு மெட்டா டேக்கை நிரப்பித் தருகிறோம் என்று இன்னமும் சிலர் விற்கிறார்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. விவரக்குறிப்பு எனப்படும் மெட்டா டிஸ்கிரிப்ஷனும் தரவரிசையை மாற்றாது. ஆனால் அதைப் படித்துத்தான் ஆள் கிளிக் செய்கிறார், அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக எழுதுவது பலன் தரும். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பத்தியை ஐம்பது பக்கமாக்குவது கூகுளின் ஸ்பேம் விதிக்குள் வருகிறது. இயந்திரத்தை வைத்து நூற்றுக்கணக்கில் கட்டுரை உற்பத்தி செய்வதும் 2024 மார்ச்சில் வெளியான விதிகளில் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டது. பொதுவான விளக்கத்துக்குக் கூகுளே மேலே பதில் எழுதிவிடும் காலம் இது. உங்கள் வேலையைச் செய்பவருக்கு மட்டும் தெரிந்த விவரம் பக்கத்தில் இருந்தால்தான் ஆள் உள்ளே வருவார்.

போன் நம்பர் பக்கத்தின் மேலேயே, தொட்டால் அழைப்பு போகும் லிங்க்காக இருக்க வேண்டும். படமாக ஒட்டிய நம்பரைத் தொட்டு அழைக்கவும் முடியாது, காப்பி செய்யவும் முடியாது. வாட்ஸ்அப் லிங்க்கில் நாட்டுக் குறியீட்டோடு முழு நம்பர் வர வேண்டும். முன்னால் கூட்டல் குறி, சைபர், நடுவில் இடைவெளி எதுவும் கூடாது. இதில் பிழை இருந்தால் தளத்தின் சொந்தக்காரருக்குத் தெரியவே தெரியாது, செய்தி வராது அவ்வளவுதான். வேறொருவர் போனிலிருந்து அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

கூகுளுக்கே தெரியாத தளம்

தளம் திறந்து மூன்று மாதமாகியும் தேடலில் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஒரு டிக். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் அமைப்புகளுக்குள் ரீடிங் பக்கத்தில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைத் தங்கள் பட்டியலில் சேர்க்க (இண்டெக்ஸ் செய்ய) வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் பெட்டி ஒன்று உண்டு. கட்டும் காலத்தில் அதை டிக் செய்வது சரியே. திறப்பு நாளில் எடுக்க மறப்பதுதான் கோளாறு. செர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் முகப்பின் முகவரியைக் கொடுத்தால் 'நோஇண்டெக்ஸ்' என்று நேரடியாகவே சொல்லிவிடும். தேடுபொறி எங்கெங்கே வரலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடுப்பது வேறு விஷயம். அது கூகுளை உள்ளே வரவிடாமல் தடுக்கும். ஆனால் வெளி லிங்க் இருந்தால் விவரமில்லாத வெறும் முகவரி தேடலில் தோன்றலாம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் குழப்பம்தான், உள்ளே வந்தால்தானே நோஇண்டெக்ஸ் குறிப்பைப் படிக்க முடியும்.

தளத்தைப் புதுப்பிக்கும்போது இன்னொரு இழப்பு நடக்கிறது. பக்க முகவரிகள் மாறிவிடும், பழைய முகவரிகள் 'பக்கம் இல்லை' என்னும் 404 பிழையைக் காட்டும், பல வருடம் சேர்ந்த இடம் சில வாரங்களில் கரையும். பழைய ஒவ்வொரு முகவரியையும் அதற்கு ஈடான புதிய பக்கத்துக்கு 301 எனப்படும் நிரந்தரத் திருப்பலாகக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது சோம்பல் வழி. அந்தத் திருப்பல்களை இல்லாத பக்கமாகவே கூகுள் கருத வாய்ப்பு உண்டு. திருப்பலைக் குறைந்தது ஒரு வருடம் எடுக்காதீர்கள்.

வேகத்துக்கு மூன்று அளவுகள் இருக்கின்றன. முக்கியப் படமோ எழுத்தோ திரையில் வந்து சேர 2.5 விநாடிக்குள், தொட்டதற்குப் பதில் 200 மில்லிவிநாடிக்குள், பக்கம் குலுங்கும் அளவு 0.1க்குள். வருகிறவர்களில் நான்கில் மூன்று பங்கு பேருக்காவது இந்த அளவுகள் அமைந்தால் நல்லது என்று கூகுள் கணக்கிடுகிறது. முதல் அளவைக் கெடுப்பது, பார்த்தவரை, முகப்பில் ஓடும் படச் சுழற்சிதான். போன் கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருப்பார்கள், ஒவ்வொன்றும் பல எம்பி. அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) வடிவில் சேமித்தால் பெரும்பாலான படங்கள் 200 கேபிக்குள் அடங்கும். சுழற்சியை எடுத்துவிட்டு ஒரே படம் வைப்பது இன்னும் நல்லது. படங்கள் தாமதமாக இறங்கும் 'லேசி லோடு' வசதி கீழே உள்ள படங்களுக்குத்தான். மேலே தெரியும் முதல் படத்துக்கும் அதைப் போட்டால் பக்கம் மெதுவாகும். படத்துக்கு அகலமும் உயரமும் குறிப்பிடாவிட்டால், படம் வந்து விழும்போது எழுத்து கீழே குதிக்கும். வேகத்துக்கு மதிப்பெண் தரும் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் 100 வாங்க வேண்டும் என்று நாட்களைச் செலவிடாதீர்கள். சுமாரான போனில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். எரிச்சலில்லாமல் திறந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

வரைபடமும் ரிவ்யூவும்

அருகிலிருந்து ஆள் வரும் தொழில் என்றால், பிசினஸ் ப்ரொஃபைல் தளத்துக்கு இணையான முக்கியத்துவம் உடையது. வரைபடத்தில் யாரை மேலே காட்டுவது என்பதற்குப் பொருத்தம், தூரம், பிரபலம் என்று மூன்றைக் கூகுள் சொல்கிறது. தூரம் உங்கள் கையில் இல்லை. பொருத்தத்தில் முதல் வேலை முதன்மை வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது. பட்டியலில் இருப்பதிலேயே குறிப்பானதை எடுங்கள். வாடிக்கையாளர் உங்களிடம் வராமல் நீங்கள்தான் அவரிடம் போகிறீர்கள் என்றால், முகவரியை மறைத்துவிட்டுச் சேவைப் பகுதியைக் குறிப்பிடும் வசதி இருக்கிறது. விடுமுறை நாட்களுக்கான நேரத்தைத் தனியாக இடுங்கள். திறந்திருக்கிறது என்று நம்பி வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் எழுதும் ரிவ்யூ நீண்ட நாள் நிற்கும்.

ரிவ்யூ கேட்பதில் வெட்கம் வேண்டாம். வேலை முடிந்த அன்றே, ப்ரொஃபைலில் கிடைக்கும் நேரடி லிங்க்கை அனுப்பிக் கேளுங்கள். பரிசோ தள்ளுபடியோ கொடுத்துக் கேட்பதும், திருப்தியானவர்களை மட்டும் வடிகட்டிக் கேட்பதும் விதிமீறல். எல்லோரிடமும் கேளுங்கள். ஒரே வாரத்தில் முப்பது ரிவ்யூ வந்து பிறகு ஆறு மாதம் ஒன்றுமில்லை என்றால் படிப்பவருக்கே சந்தேகம் வரும். மோசமான ரிவ்யூவை நீங்களாக அழிக்க முடியாது. விதியை மீறியிருந்தால் புகார் செய்யலாம். பதில் எழுதும்போது, அதை எழுதியவரைவிட இனிமேல் படிக்கப்போகிறவரை மனதில் வையுங்கள். நடந்தது என்ன, நீங்கள் செய்தது என்ன, எந்த நம்பரில் பேசலாம் என்று மூன்று வரி. வாடிக்கையாளரின் சொந்த விவரத்தைப் பொதுவில் போடவே கூடாது.

லிங்க் பகிரப்படும்போது

வாட்ஸ்அப்பில் உங்கள் தளத்தின் லிங்க்கை ஒட்டிப் பாருங்கள். படமும் தலைப்பும் ஒரு வரியும் கொண்ட அட்டை வருகிறதா, அல்லது வெறும் நீல முகவரி மட்டுமா? வாய்வழிப் பரிந்துரை இன்று இந்த அட்டை வழியாகத்தான் போகிறது, ஆனாலும் அதைக் கவனிப்பவர்கள் குறைவு. இந்த அட்டைக்காகப் பக்கத்தின் நிரலில் எழுதும் ஓப்பன் கிராஃப் குறிப்புகளில் தலைப்பு, விவரம், படம் மூன்றையும் பக்கம்தோறும் கொடுக்க வேண்டும். படம் 1200க்கு 630 பிக்சல், கோப்பு எடை சில நூறு கேபிக்குள். சில செயலிகள் நடுவில் சதுரமாக வெட்டிக்கொள்ளும். பெயரைப் படத்தின் நடுப்பகுதியில் வையுங்கள். மாற்றிய பிறகும் பேஸ்புக்கில் பழைய படமே வந்தால் பதறாதீர்கள், அது பழையதைச் சேமித்து வைத்திருக்கிறது. அதன் ஷேரிங் டீபக்கர் பக்கத்தில் முகவரியைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

சமூக ஊடகங்களில் உங்கள் வாடிக்கையாளர் இருக்கும் ஒன்றை எடுத்துத் தொடர்ந்து செய்யுங்கள். மற்றவற்றில் பெயரைப் பதிந்து, தள முகவரியைப் போட்டு விட்டுவிடலாம். மின்னஞ்சல் அனுப்புவதானால் சொந்த டொமைன் முகவரியிலிருந்து, கடிதம் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகளை அமைத்தபின் அனுப்புங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இதில் கறாராக இருக்கின்றன. விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு அனுப்பினால் டொமைனின் பெயரே கெடும், பிறகு விலைப்புள்ளி கேட்டவருக்கு அனுப்பும் கடிதம்கூட ஸ்பேமுக்குப் போகும். விலைக்கு வாங்கும் லிங்க்குகளும் அப்படித்தான். 2012ல் வந்த பென்குவின் என்ற கூகுள் தரவரிசை மாற்றத்திலிருந்து அவை ஆபத்தாகிவிட்டன. நீங்கள் பொருள் வாங்கும் நிறுவனங்கள், உறுப்பினராக இருக்கும் வணிகச் சங்கங்கள் தங்கள் தளத்தில் உங்கள் பெயரைப் போடுவார்களா என்று கேளுங்கள், அதுவே பெரிய பலம்.

பணம் கொடுத்து விளம்பரம்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மேலே சொன்னவை சரியில்லாத தளத்துக்கு விளம்பரம் செய்தால், வந்தவர் திரும்பிப் போவதற்குப் பணம் கட்டுகிறீர்கள்.

கூகுள் ஆட்ஸில் தேடல் கேம்பெயின் அமைக்கும்போது சில பெட்டிகள் ஏற்கெனவே டிக் ஆகியே இருக்கும். டிஸ்ப்ளே நெட்வொர்க்கை எடுத்துவிடுங்கள். வேறு தளங்களிலும் செயலிகளிலும் தவறுதலாகப் பட்ட கிளிக்குகளுக்குப் பணம் போகும். இட அமைப்பில் 'அந்த இடத்தில் இருப்பவர்கள் அல்லது ஆர்வம் காட்டுபவர்கள்' என்று இருப்பதை 'இருப்பவர்கள்' என்று மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் வேறு நாட்டில் உட்கார்ந்து உங்கள் ஊரைப் பற்றித் தேடியவருக்கும் விளம்பரம் போகும். பரிந்துரைகளைத் தானாக ஏற்கும் வசதி இயங்குகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். தினசரி பட்ஜெட் என்பது சராசரிதான். ஒரு நாளில் அதைப் போல இருமடங்கு வரை செலவாகலாம், மாதத்துக்கு 30.4 மடங்கைத் தாண்டாது. முதல் நாளே இருமடங்கு போனதைப் பார்த்துக் கணக்கை மூடிவிடுகிறவர்கள் உண்டு, அதனால் இதைச் சொல்கிறேன்.

கீவேர்டுகளை முதலில், நெருங்கிப் பொருந்தும் தேடலுக்கு மட்டும் விளம்பரம் காட்டும் எக்ஸாக்ட், ஃப்ரேஸ் வகைகளில் மட்டும் கொடுங்கள். வாரம் ஒருமுறை, உண்மையில் மக்கள் தட்டிய சொற்களின் அறிக்கையைத் திறந்து, பொருந்தாததை, விளம்பரம் காட்ட வேண்டாத சொற்களுக்கான நெகட்டிவ் பட்டியலில் சேருங்கள். வாஷிங் மெஷின் பழுதுக்கு விளம்பரம் செய்தால் 'வேலைவாய்ப்பு', 'பயிற்சி', 'விலை', 'பழைய மெஷின் விற்பனை' எல்லாம் உள்ளே வரும். பணம் வீணாவது இந்த ஓட்டைகள் வழியாகத்தான். விளம்பரத்தைத் தொட்டவர் முகப்புக்குப் போகக் கூடாது, அந்தச் சேவையின் பக்கத்துக்கே போக வேண்டும். கூகுள் ஒன்று முதல் பத்து வரை கொடுக்கும் தர மதிப்பெண்ணில் வந்து சேரும் பக்கமும் ஓர் அங்கம்.

சொந்தப் பெயருக்கே விளம்பரம் செய்யலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. போட்டியாளர் யாரும் உங்கள் பெயரில் விளம்பரம் செய்யவில்லை என்றால் வேண்டாம். இலவசமாக வந்திருக்கக்கூடியவருக்குக் காசு கொடுக்கிறீர்கள். அறிக்கையில் அந்தக் கிளிக்குகள் மலிவாகவும் பலன் அதிகமாகவும் தெரியும், அதனால்தான் அதைச் சேர்த்துக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். போட்டியாளர் உங்கள் பெயருக்கு மேலே வந்து நிற்கிறார் என்றால் மட்டும், தனிக் கேம்பெயினாக, தனி பட்ஜெட்டோடு செய்யுங்கள். எங்கே காட்டுவது என்று கூகுளே முடிவு செய்யும் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் என்ற கேம்பெயின் வகையில் இரண்டு வகைத் தேடலும் கலந்து ஓடும். அதில் உங்கள் பெயரை விலக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

எதை அளப்பது? வருகை எண்ணிக்கையை அல்ல. அழைப்புப் பொத்தானைத் தொட்டது, வாட்ஸ்அப் லிங்க்கைத் தொட்டது, படிவம் அனுப்பியது, இந்த மூன்றையும் அனலிடிக்ஸில் முக்கிய நிகழ்வாகக் குறியுங்கள். அங்கே ஆழமான ஆய்வுக்கான தகவல் இயல்பாக 2 மாதம்தான் நிற்கும். அமைப்பில் 14 மாதமாக முதல் நாளே மாற்றுங்கள், கழிந்துபோன மாதங்கள் திரும்பி வராது. வெளியே பகிரும் லிங்க்குகளில், முகவரியின் கடைசியில் ஒட்டும் யுடிஎம் குறிப்பு சேர்த்தால் எந்த வழியாக வந்தார்கள் என்று தெரியும். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறாகக் கணக்காகும், எப்போதும் சின்ன எழுத்திலேயே எழுதுங்கள். தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லிங்க்கில் யுடிஎம் போடாதீர்கள், ஆள் முதலில் எங்கிருந்து வந்தார் என்ற கணக்கு குழம்பும்.

அனலிடிக்ஸில் 'டைரக்ட்' என்று வரும் பெரிய பங்கு, முகவரியைத் தட்டி வந்தவர்கள் மட்டுமல்ல. வாட்ஸ்அப்பிலும் மற்ற செயலிகளிலும் குறிப்பில்லாத லிங்க்கைத் தொட்டு வந்தவர்களும் அதில்தான் விழுகிறார்கள். அந்த இடைவெளியை எந்த மென்பொருளும் முழுதாக நிரப்பாது. விசாரணைப் படிவத்தில் 'எங்களை எப்படித் தெரியும்?' என்று ஒரு கட்டம் சேருங்கள். தெரிவுப் பட்டியலாக வைத்தால் முதலில் இருப்பதையே தொட்டுவிட்டுப் போவார்கள். எழுதும்படி வெறும் கட்டமாக, கட்டாயமில்லாமல் வையுங்கள். போனில் வருகிறவரிடமும் இதே கேள்வியைக் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே தேதியோடு ஒரு ஷீட்டில் எழுதி வையுங்கள்.